ஒன்பதாம் பிறைக்கு மலையேறியவள்

களைத்துவிட்டது என்று வாயால் சொன்ன பிறகு எந்த மனுஷரும் உட்காரத்தான் செய்வார்கள். நான் உட்காருவேன். எங்கள் பக்கத்து வீட்டு அக்கா மட்டும் எழுந்திருப்பாள். “களைச்சாச்சு” என்பாள், முட்டில் கையை ஊன்றி எழும்புவாள், “வா லா, போவோம்” என்று மலேசிய ‘லா’ சேர்த்துச் சொல்லிச் செருப்பைத் தேடுவாள். இந்த வரிசை மாறி நான் பார்த்ததே இல்லை.

அதை முதலில் கேட்டது என் அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்த சாயங்காலம். கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பிய சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு பாயில் சாய்ந்துவிட்டார்கள். அழுது களைத்தவர்கள் பாதி, பஸ்ஸில் வந்து களைத்தவர்கள் பாதி, களைத்தவர்களைப் பார்த்தே களைத்தவர்களும் உண்டு. கடுங்காப்பி போட்ட சருவமும் ஊர்ப்பட்ட டம்ளர்களும் கிணற்றடியில் அப்படியே கிடந்தன. அக்கா எங்கள் ஊருக்கு வந்து அப்போது அதிக நாள் ஆகவில்லை. வாசல்படியில் இருந்தவள் யாரைப் பார்த்தும் இல்லாமல் “களைச்சாச்சு” என்றாள். சரி, வீட்டுக்குப் போகப்போகிறாள் என்று நினைத்தேன். புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு சருவத்தைத் தேய்க்கப் போனாள். எனக்குக் கோபம்தான் வந்தது. பக்கத்து வீட்டுக்காரி பாத்திரம் தேய்க்கும்போது பெற்ற மகள் எப்படிப் படுத்திருப்பது? நானும் எழும்பிப் போய்ச் சாம்பலை எடுத்தேன். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த நாளிலிருந்து தூக்கமே இல்லாமல் இருந்த நான் அன்றைக்குத்தான் தூங்கினேன்.

அவளுடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. கல்யாணத்துக்கு முன் ஞானஸ்நானம் கொடுத்தபோது சபையில் ஒரு பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் சற்றுக் கழித்துத்தான் திரும்புவாள். அம்மா அப்பா வைத்த சீனப் பெயர் என் நாக்கில் ஒழுங்காக வராது. ஊர் அவளை மலேசியாக்காரி என்றது. முகத்துக்கு முன்னால் மலேசியாக்காரி, முதுகுக்குப் பின்னால் சீனத்தி. இப்போது இரண்டையும் கேட்க அவள் இங்கே இல்லை. அத்தான் இறந்து, வீட்டை விற்று, அவள் தம்பியோடு மலேசியாவில் ஈப்போவுக்குப் போய் வருஷம் சில ஆகிவிட்டது.

அத்தான் என்று நான் சொல்வது அவள் கணவரை. எங்கள் ஊர்க்காரர். ஈப்போவில் ஒரு பட்டறையில் வெல்டிங் வேலை பார்த்தவர். அங்கேயே இவளைக் கட்டிக்கொண்டார். அவருடைய அம்மா படுக்கையில் விழுந்ததும், ஒரு வருஷம் இருந்து பார்த்துவிட்டுப் போகலாம் என்று இரண்டு பேரும் அருமனைக்கு அடுத்த எங்கள் ஊருக்கு வந்தார்கள். கிழவி போனபின் ஏதேதோ வேலை, பிறகு போகவில்லை. பிள்ளைகளும் இல்லை. அக்கா வளர்ந்தது ரப்பர் எஸ்டேட்டில், பக்கத்து வீடெல்லாம் தமிழர்கள். அதனால் தமிழ் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. அது தெரியாமல் மீன்காரி ஒருத்தி அவள் முன்னாலேயே, “கண்ணு தொறந்திருக்கா மூடியிருக்கா, தெரியல்லியே” என்று என்னிடம் கேட்டுவிட்டாள். அக்கா குனிந்து சாளை மீனைத் திருப்பிப் பார்த்து, “இதுக்கு மூடி ரெண்டு நாளாச்சு” என்றாள். அதற்குப் பிறகு அந்த மீன்காரி எங்கள் தெருவில் பழைய மீன் விற்றதில்லை.

மலை விஷயத்துக்கு வருகிறேன். சீனர்கள் கணக்கில் ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் பிறை அன்று உயரமான இடத்தில் ஏற வேண்டும். பழைய கதை ஒன்று சொல்வாள். ஒருவன் ஊருக்குக் கேடு வருகிறது என்று அறிந்து குடும்பத்தோடு மலை ஏறிவிட்டானாம். சாயங்காலம் இறங்கி வந்து பார்த்தால் வீட்டில் விட்டுப்போன ஆடு, கோழி எல்லாம் செத்துக் கிடந்தனவாம். அவர்கள் ஊரில் கல்லறைகளும் மலைச்சரிவில்தான். ஏறுவதும், அம்மா அப்பாவைப் பார்ப்பதும், அங்கேயே இருந்து சாப்பிட்டுவிட்டு இறங்குவதும் எல்லாம் அந்த ஒரே நாளில் முடியும்.

எனக்கு மலை ஏறுவதில் எந்த ஆசையும் கிடையாது. மார்த்தாண்டத்தில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிற வேலை எனக்கு. நாள் முழுக்க நின்று, குனிந்து, நரம்பு தேடி, வீட்டுக்கு வந்தால் காலை எங்கே வைப்பது என்றிருக்கும். வீட்டுக்காரர் குவைத்தில். ஒரு லீவு நாள் கிடைத்தால் தூங்குவதைத் தவிர வேறு திருவிழா எனக்குத் தெரியாது. ஆனால் பாருங்கள், நவராத்திரிக்கும் அமாவாசையிலிருந்துதான் எண்ணுகிறார்கள். அவளுடைய ஒன்பதாம் பிறை பெரும்பாலும் சரஸ்வதி பூஜை அன்றைக்கே வந்து விழும். லேபுக்கு லீவு. வய்யக்கா, முடியாது என்று சொல்ல ஒரு காரணமும் இருக்காது.

அன்றைக்குச் செவ்வந்திப் பூ வேண்டும். சரஸ்வதி பூஜைக்குத் தோவாளைச் சந்தையிலிருந்து எங்கும் செவ்வந்தி வந்து குவிந்திருக்கும். சபை ஆட்கள் பூக்கடையில் அவளைப் பார்த்துவிட்டு, ஞானஸ்நானம் எடுத்தவள் ஆயுத பூஜைக்குப் பூ வாங்குகிறாள் என்று பேச்சைக் கிளப்பினார்கள். பெண்கள் கூட்டத்தில் ஒரு மூத்த அம்மாள், மலையில் போய் என்னத்தைக் கும்பிடுகிறாய் என்று நேராகவே கேட்டுவிட்டார். அக்கா, பத்துக் கட்டளைகளில் ஐந்தாம் கற்பனையில் என்ன போட்டிருக்கிறது என்று திருப்பிக் கேட்டாள். தாயையும் தகப்பனையும் கனம்பண்ணு என்று அந்த அம்மாளே சொல்ல வேண்டியதாயிற்று. கூட்டம் அடுத்த பாட்டுக்குப் போனது.

முதல் வருஷம் பேச்சிப்பாறைப் பக்கம் போனோம். வனத்துறைக்காரர் யானை நிற்கிறது, போகக்கூடாது என்று நிறுத்திவிட்டார். அட்டை கடித்ததுதான் மிச்சம். அதன் பிறகு சிதறால் மலை என்று முடிவானது. ஏற்றம் பெரிதில்லை, கல்பாவிய பாதை. அந்த ஏற்றத்துக்கு வருவதற்கு முன்னால் நடப்பதுதான் நடை. எஸ்டேட்டில் அவள் அம்மா மலைவரை நடந்தே போவாளாம். அதனால் நாங்களும் பஸ் ஓடுகிற ஊரில், ரப்பர் தோட்டங்களுக்குள் புகுந்து, பாசனச் சானல் கரை பிடித்து, காலையிலிருந்து நடப்போம். ரப்பர் ஷீட் காயப்போட்ட வீடுகளைத் தாண்டும்போது அவள் மூச்சை இழுத்து விடுவாள். ஈப்போவிலும் இதே நாற்றம்தான் என்பாள். சந்தோஷமாகத்தான் சொல்வாள். எனக்கு அது வெறும் நாற்றம்.

அரிசிமாவும் கருப்பட்டியும் சேர்த்து அவள் ஆவியில் வேகவைத்துக் கொண்டுவரும் பலகாரம் எங்கள் வட்டயப்பத்துக்குச் சித்தி மகள். மலைமேல் சமணச் சிற்பங்களைத் தாண்டினால் ஒரு மொட்டைப் பாறை. அங்கே இருந்து, பூவை வைத்து, பால் சேர்க்காத தேயிலை வெள்ளம் மூன்று கிண்ணத்தில் ஊற்றி, கிழக்கே பார்த்துக்கொண்டிருப்பாள். ஊதுபத்தி கொளுத்துவதில்லை, காவல்காரர் விடமாட்டார். அந்தக் காவல்காரர் முதல்முறை அவளிடம் எந்த நாடு என்று இங்கிலீஷில் கேட்டார். அருமனை என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நானும் அருமனை என்றேன்.

ஒரு வருஷம் கேலிக்கூத்தாகிவிட்டது. சரஸ்வதி பூஜை என்றால் அக்காவின் மலை என்று என் மண்டையில் பதிந்துபோயிருந்தது. அதிகாலையில் புட்டு அவித்துக் கட்டிக்கொண்டு, முட்டுக்குக் களிம்பு தடவி, அவள் வாசலில் போய் நின்றேன். அக்கா நல்லமிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவர்கள் காலண்டரில் அந்த வருஷம் ஒரு மாதம் கூடுதலாம். ஆகையால் ஒன்பதாம் மாதம் இன்னும் வரவில்லையாம். சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணே காணாமல் போயிற்று. நான் புட்டுப் பொதியோடு திரும்பினேன். அவள் விடவில்லை. கட்டிக்கொண்டு வந்த சாப்பாடு மலைக்கு உள்ளது என்றாள். மிளகை அள்ளி வைத்தாள். “களைச்சாச்சு. வா லா, போவோம்.” அந்த வருஷம் இரண்டு தடவை ஏறினேன். சிரித்தவர்கள் சிரிக்கட்டும்.

அதெல்லாம் அத்தான் நடமாடிய காலம். பிறகு அவருக்கு ஒரு பக்கம் இழுத்துவிட்டது. அரட்டைக்கு ஊரில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது, பேச்சும் போய்விட்டது. கட்டில் சட்டத்தில் மோதிரத்தால் தட்டிக் கூப்பிடுவார். ஆஜானுபாகுவான மனிதர். அவரைப் புரட்டி, துடைத்து, துணி மாற்றி, ஒருக்களித்துப் படுக்கவைப்பது இரண்டு ஆண்பிள்ளைகளுக்கான வேலை. அவள் தனியாகச் செய்தாள். மாதாமாதம் சர்க்கரை பார்க்க நான் ரத்தம் எடுக்கப் போவேன். நான் போய்த் திரும்புவதற்குள் பலமுறை “களைச்சாச்சு” கேட்கும். ஒவ்வொரு முறையும் எழுந்து எங்கேயோ போவாள். கேட்கக் கேட்க எனக்கே ஆயாசமாக இருக்கும். ஒருநாள் பொறுக்காமல் நாற்காலியை இழுத்துப் போட்டு, “களைச்சா இருங்கக்கா. ஆரும் அடிக்க மாட்டாவ” என்றேன்.

“இருந்தா எழும்ப வராது, மக்களே” என்றாள். அதை ஒரு தகவல் மாதிரிதான் சொன்னாள்.

அந்த நாட்களில்தான் ஈப்போவிலிருந்து தம்பி கூப்பிட்டான். அவர்கள் அம்மா கிடக்கிற மலைச்சரிவில் ரோடு வருகிறதாம். கல்லறைகளைத் தோண்டி, எலும்பை எடுத்து, வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும். ஒன்பதாம் பிறைக்கு எப்படியும் எல்லோரும் வருவார்கள், அன்றைக்கே வைத்துக்கொள்ளலாம் என்று தீர்மானித்திருந்தார்கள். பெண் என்று இவள் ஒருத்திதான். அம்மா சாகும்போது மாமியார் படுக்கையில் கிடந்ததால் இவள் போகவில்லை. இந்த முறை போகாமல் இருக்க முடியாது என்றாள். முடியாது என்ற சொல்லை அவள் வாயிலிருந்து நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.

கொழுந்தன் குடும்பம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீ போய் வா என்றது. டிக்கெட் போட்டாள். போகிற நாள் நெருங்க நெருங்க அவர்களுக்கு ஒவ்வொரு வேலையாக முளைத்தது. ஒரு ஏஜென்சியிலிருந்து ஆண் நர்ஸ் ஒருவன் வந்தான். அத்தானை ஒரு தடவை புரட்டிப் பார்த்துவிட்டு மறுநாள் போனை அணைத்துவிட்டான். நான் லீவு போடுகிறேன் என்றேன். அவர் எடைக்கு நான் எம்மாத்திரம் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நீ விழுந்தால் உன்னை யார் தூக்குவது என்றாள். டிக்கெட்டை ரத்து செய்தாள். அழவில்லை. சபையில் அவருக்காக ஜெபம் பண்ணினார்கள். அவளுக்காகப் பண்ண யாருக்கும் தோன்றவில்லை.

கடைசியில், ஒன்பதாம் பிறை அன்று சிதறாலுக்காவது போய்வரக் கொழுந்தன் மனைவி ஒரு அரை நாள் தந்தாள். “உச்சைக்குள்ள வந்திரணும். எனக்கும் வீடு உண்டும்லா” என்று வாசலில் நின்றே சொன்னாள். ஆட்டோவில் போய்விடலாம் என்று நான் எவ்வளவோ சொன்னேன். திரும்பி வர ஆட்டோ, போகும்போது நடை என்றாள் அக்கா. தம்பி போனில் காட்டுவதாகச் சொல்லியிருந்தான்; ஈப்போவில் நமக்கு முன்னாலேயே விடிந்துவிடும் என்பதால் கிழக்கு வெளுக்கும் முன்பே கிளம்பினோம். பூ, பலகாரம், பிளாஸ்க் எல்லாம் என் தலையில். அவள் கையில் போன், கக்கத்தில் ஒரு கறுப்புக் குடை. மழைக்கு அறிகுறியே இல்லை. கேட்கிற தெம்பும் எனக்கு இல்லை. முந்தின நாள் முழுக்க லேபில் காய்ச்சல்காரர்கள் கூட்டம்.

சானல் கரையில் நடக்கும்போது அவளாகவே சொல்லிக்கொண்டு வந்தாள். தோண்டுகிறபோது பிள்ளைகள் ஒவ்வொருவராக, அம்மா, வீடு மாறுகிறோம், எழும்பி வாங்கள் என்று கூப்பிட வேண்டும். கூப்பிடாத பிள்ளைக்காக அவர்கள் அங்கேயே காத்துக்கொண்டு நின்றுவிடுவார்கள். எலும்பில் வெயில் படக்கூடாது. குடை பிடிக்க வேண்டும். அது மகளுடைய வேலை. பிறகு எலும்பைத் துடைத்து ஒரு பெரிய ஜாடியில் வைப்பார்கள். பாதத்தில் தொடங்கி வரிசையாக வந்து மண்டையோட்டை மேலே வைத்து மூடுவார்கள், ஆள் உட்கார்ந்திருக்கிற வாக்கில். இதை அவள் சொன்னபோது சானலில் ஒருவன் பல் தேய்த்துக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்து, இவ்வளவு காலையில் எங்கே என்று கேட்டான். “அம்மைய பாக்க” என்றாள்.

அம்மா எப்படிப்பட்டவள் என்று கேட்டேன். இத்தனை வருஷம் மலையேறியும் நான் கேட்காத கேள்வி. ரப்பர் வெட்டப் போகிறவள் என்றாள். இருட்டோடு போய், பால் சேர்த்து, வந்து சமைத்து, பன்றிக்கு வைத்து, மறுபடி களை பறிக்கப் போவாளாம். சாப்பிடுவதும் நின்றபடிதானாம். கிண்ணத்தை வாயருகே பிடித்துக்கொண்டு வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டே சாப்பிடுவாளாம். களைத்தது என்று சீனத்தில் ஒரு சொல் சொல்வாளாம், சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போவாளாம். இந்த வியாதி பரம்பரையாக வருகிறது என்று மட்டும் புரிந்தது.

மேலே போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. தம்பி வீடியோ காலில் வந்தான். திரையில் செம்மண்ணும் ஆட்களின் கால்களும்தான் தெரிந்தன. ஏற்கெனவே தோண்டியாகிவிட்டது, இவளுக்காகக் காத்து நின்றார்கள். அக்கா பூவை வைத்தாள். போனைப் பாறைமேல் பிளாஸ்கில் சாய்த்து வைத்துவிட்டுக் குடையை விரித்தாள். திரையில் வெயில் அடித்துக் கண்ணுக்குத் தெரியவில்லை, அதற்காக என்றுதான் முதலில் நினைத்தேன். அவள் குடையைத் தன் தலைக்குப் பிடிக்கவில்லை, என் தலைக்கும் பிடிக்கவில்லை, திரையைப் பார்க்கிற கோணத்திலும் பிடிக்கவில்லை. போனுக்கு நேர் மேலே, ஒரு பொட்டு வெயில் விழாமல் பிடித்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஈப்போவில் தம்பி மனைவி ஒரு குடை பிடித்திருந்தாள். அது மருமகள் குடை. மகள் குடை சிதறால் பாறைமேல் இருந்தது.

மண்டியிட்டுப் பிடித்ததில் அவள் கை தாழத் தொடங்கியது. குடை ஆடியது. அத்தானைத் தூக்கித் தூக்கித் தோள் போயிருந்தது அவளுக்கு.

“இன்னா, நீ பிடி. சாயாம பிடி” என்று குடையை நீட்டினாள்.

“மகதானே பிடிக்கணும்னு சொன்னிய?”

“நீயும் ஒருத்திக்கு மகதானே, பிள்ளே.”

பிடித்தேன். என்ன சொல்ல. என் அம்மாவைக் குழியில் இறக்கியபோது நான் ஒன்றும் பிடிக்கவில்லை. ஆண்கள் கயிறு பிடித்தார்கள், போதகர் வேதாகமம் பிடித்தார், நான் யாரோ என் தோளைப் பிடிக்க நின்றிருந்தேன்.

அக்கா இரண்டு கையையும் பாறையில் ஊன்றிக்கொண்டு போனுக்குள் குனிந்து கூப்பிட ஆரம்பித்தாள். சீன மொழி எனக்குத் தெரியாது. ஆனால் அம்மா என்பது எனக்குப் புரிந்தது. மூன்றாம் முறை கூப்பிடும்போது படம் நின்றுபோயிற்று. ஒரு ஆள் குழிக்குள் குனிந்த நிலையில் அப்படியே உறைந்து நின்றான். சிக்னல் போய்விட்டது. போனைத் தூக்கிக்கொண்டு ஓடலாம் என்று நான் கையை நீட்டினேன். அவள் தலையை அசைத்தாள். கேட்கிறதோ இல்லையோ, நின்றுபோன படத்தைப் பார்த்தே கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். குரல் உடைந்து, பிறகு சின்னப் பெண்ணின் குரலாக ஆகிவிட்டது. அந்த ஐம்பது வயசுக்காரிக்குள் அப்படி ஒரு குரல் இருந்தது எனக்குத் தெரியாது. நான் அழுதேன். சொல்வதற்கென்ன, என் அம்மாவுக்கு அழாமல் வைத்திருந்ததையும் சேர்த்து அழுதேன்.

லீவு நாள் ஆனதால் மலைமேல் கூட்டம் வந்துவிட்டது. ஒரு குடும்பம் படம் எடுக்க அந்தப் பாறை வேண்டும், கொஞ்சம் தள்ளிக்கொள்ளுங்கள் என்றது. நல்ல வெயிலில் ஒரு போனுக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து அவர்கள் என்ன நினைத்தார்களோ. நான் நகரவில்லை. காவல்காரர் வந்து அக்காவின் முகத்தைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், அந்தக் குடும்பத்தை வேறு பக்கம் அழைத்துப் போனார்.

படம் திரும்ப வந்தது. தம்பி பேசினான். நீ கூப்பிட்டது எல்லாம் இங்கே கேட்டது, உன் படம்தான் நின்றுபோயிருந்தது என்றானாம். அக்கா பிறகு சொன்னாள். ஒரு கிழவர் எலும்பை ஒவ்வொன்றாகத் துணியில் துடைத்து ஜாடிக்குள் வைத்தார். அவசரமே இல்லாத கைகள். அக்கா உதட்டை அசைத்து ஒவ்வொன்றுக்கும் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். வெயில் நகர நகர நான் குடையை நகர்த்தினேன். கொழுந்தன் மனைவி என் போனில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். எடுக்கக் கை இல்லை. தோளிலிருந்து விரல் வரை எனக்கு மரத்துவிட்டது. குடையை மட்டும் சாய்க்கவில்லை.

ஜாடியின் மூடியை வைத்தார்கள். தம்பி கும்பிட்டான், அக்கா பாறையில் நெற்றி பட வணங்கினாள். அழைப்பு முடிந்து திரை கறுத்தது. அவள் அதையே பார்த்தபடி மண்டியிட்டிருந்தாள். நான் காத்திருந்தேன். பிறகு, மடக்கலாமா என்று மெதுவாகக் கேட்டேன்.

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“மடக்கு, மக்களே” என்றாள். “அம்மா உக்காந்தாச்சு.”